நாற்றுமேடையிலிருந்து தொடங்க வேண்டிய விவசாயக் கொள்கை

அண்மைக் காலத்தில் இந்நாட்டில் கஞ்சாச் செடியைப் பற்றி நடைபெற்ற அளவுக்கு வேறெந்தச் செடியைப் பற்றியும் விவாதம் நடைபெற்றதாகக் கூற முடியாது. 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், மருத்துவ நோக்கிலான ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதற்கு ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டதாகவும், அதற்கென மீரிகமவில் முதலீட்டு வலயத்துக்குரிய 64 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டதாகவும் ஆயுர்வேதத் திணைக்களத்தின் தரப்பிலிருந்து அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து பொருளாதார மீட்சிக்கு இதுவொரு வழி என்று ஒரு சாராரும், இளைய தலைமுறையைப் படுகுழியில் தள்ளும் முயற்சி என்று மற்றொரு சாராரும் வாதிட்டு வருகின்றனர். அந்த விவாதம் அவசியமானதே. எனினும், அந்த ஆரவாரத்தின் நடுவே எவரும் கேட்காத ஒரு கேள்வியை இங்கு எழுப்ப விரும்புகின்றோம். ஒரு நாற்று நல்ல மண்ணிலும், நல்ல பையிலும், அளவான நீரிலும் வளரவேண்டும் என்ற அக்கறை வெளிநாட்டு முதலீட்டாளரின் கஞ்சா நாற்றுக்கு மாத்திரம்தானா உரியது? பல்லேகமவில் வாழும் விவசாயியின் மிளகு நாற்றுக்கும், மாத்தளைத் தோட்ட லயத்தில் வாழும் தொழிலாளியின் மிளகாய் நாற்றுக்கும் அந்த அக்கறை கிடையாதா?

கேள்விக்குள் நுழைவதற்கு முன்னர் ஒரு தெளிவு அவசியமாகின்றது. மேற்படி அனுமதி குறித்துக் கிராமங்களில் தவறான எண்ணம் பரவுவதற்கு இடமுண்டு. அரசாங்கமே கஞ்சா பயிரிட அனுமதிக்கின்றது, இனி நாமும் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு செடி வைத்தால் என்ன என்று எண்ணும் இளைஞர்கள் இருக்கக்கூடும். 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. தனியார் ஒருவர் கஞ்சா பயிரிடுவதும், வைத்திருப்பதும் அச்சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். ஆயுர்வேத மருத்துவத் தேவைக்கான விலக்கு, உரிய அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கே உரியது. மீரிகமத் திட்டமும்கூட உள்நாட்டுச் சந்தைக்கானது அல்ல, முற்றுமுழுதாக ஏற்றுமதிக்கானது. தணமல்வில, வெல்லவாய போன்ற பிரதேசங்களின் காடுகளில் இரகசியமாகக் கஞ்சாச் சேனை செய்து அகப்பட்டு, வழக்கும் சிறையுமாக வாழ்க்கையைத் தொலைத்தவர்களுள் பெரும்பாலானோர் ஏழை விவசாயிகளே. சேனைக்குப் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அகப்படுவதில்லை.

உலக நிலைமையும் ஒரே திசையில் செல்லவில்லை. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 1961ஆம் ஆண்டின் சமவாயத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்கியது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தாய்லாந்து கஞ்சாவுக்கான தடையைத் தளர்த்தியது. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூன் மாதத்தில், மருத்துவரின் சிட்டையின்றி விற்கக்கூடாது என்று மீண்டும் கட்டுப்படுத்தியது. இலங்கையில் 2022 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்ட உரையில், ஏற்றுமதிக்கான கஞ்சாச் செய்கை குறித்து ஆராயப்படும் என்று அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். அரசாங்கங்கள் மாறினும் அந்த எண்ணம் கைவிடப்படவில்லை. இதன் இலாபம் யாருக்கு, கண்காணிப்பு எவ்வாறு என்பன தனியாக ஆராயப்பட வேண்டியவை. நமது கவனத்துக்குரியது வேறொன்று.

கஞ்சாவைப் பணப்பயிராக வளர்க்கும் நாடுகளில் ஒரு நாற்றின் முதல் மூன்று வாரங்களுக்குக் கொடுக்கப்படும் கவனம் வியப்பூட்டக்கூடியது. வேருக்கு எவ்வளவு காற்று, கலவையில் எவ்வளவு ஈரம், எந்த அளவுப் பை என்று ஒவ்வொன்றும் கணக்கிடப்படுகின்றது. அந்த நாற்றுகள் வளரும் ஊடகங்களுள் முக்கியமான ஒன்று தென்னந்தும்புத்தூள். உலகச் சந்தைக்குத் தும்புத்தூளைப் பெருமளவில் அனுப்பும் நாடுகளுள் இலங்கை முன்வரிசையில் நிற்கின்றது. குருநாகல், புத்தளம் மாவட்டங்களில் மட்டை அடிக்கும் ஆலைகளிலிருந்து கழுவி, உலர்த்தி, கட்டியாக அழுத்தப்பட்டு வெளியேறும் அந்தத் தூள், பிறநாட்டுக் கண்ணாடி வீடுகளில் தக்காளிக்கும் ஸ்ட்ரோபெரிக்கும் கஞ்சாவுக்கும் மண்ணாகின்றது. நமது நாட்டின் நாற்றுமேடைகளிலோ இன்னமும் கையில் அகப்பட்ட மண்ணே போடப்படுகின்றது.

பல்லேகம சொல்லும் பாடம்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுசரிவில் அமைந்துள்ளது லக்கல - பல்லேகம பிரதேச செயலாளர் பிரிவு. இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலானோர் சிங்கள விவசாயிகள். தமிழ், முஸ்லிம் வாசகர்களில் பலருக்கு இந்த ஊரின் பெயர் பரிச்சயமற்றதாக இருக்கலாம். ஆயினும், இவ்வூருக்கு நேர்ந்ததை அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

மொரகஹகந்த - களுகங்கை அபிவிருத்தித் திட்டத்தின் ஓரங்கமாக அம்பன் கங்கையின் கிளையான களுகங்கை, பல்லேகமவில் மறிக்கப்பட்டது. குவைத், சவூதி அரேபிய நிதியங்கள் உட்பட வெளிநாட்டுக் கடனுதவியில் அமைந்த அந்த நீர்த்தேக்கத்தில் 2018ஆம் ஆண்டு நீர் நிரப்பப்பட்டது. ஏறத்தாழ 248 மில்லியன் கன மீற்றர் கொள்ளளவுடைய அந்நீர், சுரங்கவழியே மொரகஹகந்தவுக்குச் சென்று அங்கிருந்து வடமத்திய சமவெளிகளை நோக்கிப் பாய்கின்றது. பழைய லக்கல நகரம் நீரில் மூழ்கிற்று. மக்கள் புதிய குடியிருப்புகளுக்கும், பசுமை நகரம் என்று பெயரிடப்பட்ட புதிய நகருக்கும் இடம்பெயர்ந்தனர்.

வீட்டுக்குப் பதிலாக வீடும், வயலுக்குப் பதிலாக வயலும் வழங்கலாம். பாடசாலையையும் வைத்தியசாலையையும் புதிதாகக் கட்டலாம். ஆனால், தலைமுறை தலைமுறையாக எருவும் சருகும் இட்டுப் பண்படுத்திய மேல்மண்ணை எந்த நட்டஈட்டுப் படிவத்திலும் எழுத முடிவதில்லை. ஆற்றோர வண்டல் மண்ணில் விதையைத் தூவினாலே முளைக்கும் என்ற பழக்கத்தில் வாழ்ந்த குடும்பம், புதிய காணியின் இறுகிய செம்மண்ணில் அதே விதையைத் தூவினால் அதே விளைவு கிட்டாது. குடியேற்றங்களுக்காக இயந்திரங்களால் நிலம் சமப்படுத்தப்படும்போது மேலிருந்த வளமான படை புரட்டப்பட்டு, அடியிலிருந்த கட்டிமண் மேலே வந்துவிடுவது எங்கும் காணப்படும் அனுபவமாகும். வேறு மண்ணுக்கு வந்த அனுபவசாலியும் ஒரு வகையில் புதிதாகத் தொடங்குபவரே. அவருக்கு வேண்டியது முதல் நாற்றுமேடைக்கான மண்ணும் கைகொடுப்பாரும்.

இதே பாடத்தை 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மிகக் கொடூரமான முறையில் போதித்தது. நாடளாவிய ரீதியில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட அந்த அனர்த்தத்தில், மலையகத்தின் ஏனைய மாவட்டங்களைப் போன்றே மாத்தளையும் மண்சரிவுகளாலும் வெள்ளத்தாலும் சிதைந்தது. அது பெரும்போகத்தின் தொடக்கம். நாற்றுகள் மண்ணில் இறங்கியிருந்த, இறங்கவிருந்த காலம். உயிரிழப்புக்கும் வீடிழப்புக்கும் முன்னால் மண்ணிழப்பு சிறிதாகத் தோன்றலாம். ஆனால், ஒரு சில சென்ரிமீற்றர் மேல்மண் இயற்கையில் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் செல்லும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஓரிரவில் அடித்துச் செல்லப்பட்டதன் பெறுமதி புலப்படும். அடுத்த போகத்தை ஆரம்பிக்க வேண்டிய குடும்பத்துக்கு அரிசியும் கூரைத்தகடும் போலவே, நாற்றும் நாற்றுக்குரிய மண்ணும் நிவாரணப் பொருட்களாகும்.

மண் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில்லை

2021ஆம் ஆண்டை இந்நாட்டு விவசாயிகள் இலகுவில் மறந்துவிடமாட்டார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலின் மூலம் தடைசெய்யப்பட்டது. சேதன உரம் சிறந்தது என்ற கருத்தில் தவறில்லை. ஆனால் சேதன உரம் எங்கே, எவ்வளவு, எந்தத் தரத்தில் உள்ளது என்று கேட்காமல் முடிவெடுத்ததே தவறு. சீனாவிலிருந்து வந்த சேதன உரக் கப்பலின் மாதிரிகளில் தீங்கு விளைவிக்கும் பற்றீரியா இருப்பதாகக் கூறி அது திருப்பியனுப்பப்பட்டது. இறக்கப்படாத அந்த உரத்துக்காக 6.7 மில்லியன் அமெரிக்க டொலர் செலுத்தப்பட்டது. நவம்பரில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டபோது விவசாயியின் கையில் எஞ்சியது நட்டம் மாத்திரமே.

அந்த நட்டத்திலிருந்து ஒரு நன்மையைப் பெற முடியும். முழு நாட்டின் வயலையும் ஒரே நாளில் சேதன விவசாயத்துக்கு மாற்றுவது இயலாத காரியம். ஆனால், நாற்றுமேடையை முற்றிலும் கூட்டெருவைக் கொண்டு நடத்துவது இன்றே இயலும். ஓர் ஏக்கர் மிளகாய்க்கு வேண்டிய நாற்றை வளர்க்கத் தேவைப்படும் மண் சில வண்டில் அளவே. அந்தச் சில வண்டிலைச் சரியாகத் தயாரித்தால் மீதி ஏக்கரின் விளைச்சலில் பாதி வேலை முடிந்துவிட்டது என்று கூறினால் மிகையாகாது.

நாற்றுக்குரிய கலவை எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் இரகசியம் எதுவும் இல்லை. மரக்கறி நாற்றுக்கு நன்கு சலித்த மேல்மண்ணும் நன்கு உக்கிய கூட்டெருவும் சம அளவில் போதுமானவை. மண் களித்தன்மை மிக்கதாயின் ஒரு பங்கு ஆற்றுமணல் சேர்க்க வேண்டும். மிளகு போன்று மாதக்கணக்கில் பையிலேயே வளர வேண்டிய பயிருக்கு மேல்மண், உக்கிய மாட்டெரு, மணல், தும்புத்தூள் ஆகிய நான்கையும் சம பங்காகக் கலக்கலாம். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு. மண் வேரைப் பிடித்துவைக்கின்றது, எரு உணவளிக்கின்றது, மணல் நீரை வடியச் செய்கின்றது, தும்புத்தூள் தன் எடையைப் போல் பல மடங்கு ஈரத்தைத் தேக்கிவைக்கின்றது. ஒன்றின் தொழிலை மற்றொன்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. தும்புத்தூளில் சத்து மிகக் குறைவு. அதிலே மாத்திரம் விதைத்துவிட்டு நாற்று மஞ்சளடிக்கின்றதே என்று கவலைப்படுவதில் பயனில்லை. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தூளாயின், நன்னீரில் இரண்டு மூன்று தடவை அலசிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் இழைக்கும் முதற்றவறு, உக்காத எருவை இடுவதாகும். பச்சைச் சாணம் மண்ணுக்குள் சூடேறி இளவேரைக் கருக்கும். கையில் எடுத்து முகர்ந்தால் சாண நாற்றமின்றி மண்வாசனை வீசுமாயின் அதுவே பக்குவம். இரண்டாவது தவறு, பழைய நாற்றுமேடையின் மண்ணைச் சுத்திகரிக்காமல் மீண்டும் உபயோகிப்பதாகும். முளைத்த நாற்றுகள் தண்டின் அடியில் அழுகி ஒரே இரவில் சாயும் நாற்றழுகல் நோய்க்குக் காரணமான பூஞ்சணங்கள் மண்ணிலேயே தங்கியிருப்பவை. மேடையின் மீது வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது நமது முன்னோர் கண்ட வழி. ஈரமாக்கிய மண்ணை ஒளிபுகும் பொலித்தீனால் இறுக மூடிச் சில வாரங்கள் கடும் வெயிலில் விடுவது செலவற்ற மற்றொரு வழி. மழைக்காலத்தில் இந்த இரண்டாவது வழி பயனளிக்காது. ஆகவே பெரும்போகத்துக்கான மண்ணை ஓகஸ்ட், செப்டெம்பர் வெயிலிலேயே தயார்செய்துவிட வேண்டும்.

காணியில்லாதவனின் காணி

பாத்திரம் என்பது வசதிக்கான பொருள் என்று கருதுவோர் உளர். காணியுள்ளவர்களுக்கு அவ்வாறிருக்கலாம். காணியில்லாதவனுக்கோ பாத்திரமே காணி. இவ்விடத்தில்தான் மண், பை, நீர் என்னும் விடயம் மலையகத் தமிழ் மக்களின் அரசியலைத் தொடுகின்றது.

2023ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மலையகத்தின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி ஒன்று மேற்கொள்ளப்பட்டது. அவர்களின் மூதாதையர் நடந்து வந்த அதே வழி. அந்த நடையின் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று காணியுரிமை. இரண்டு நூற்றாண்டுகளாக இந்நாட்டின் மண்ணை வளப்படுத்திய சமூகத்தில் பெரும்பாலானோருக்குச் சொந்தமாக ஒரு கத்தரிச் செடி வைப்பதற்கு உறுதியோடு கூடிய நிலம் கிடையாது. தனி வீட்டுத் திட்டங்களில் வழங்கப்பட்ட காணி 7 பேர்ச். ஏறத்தாழ 177 சதுர மீற்றர். அதில் வீடும், வழியும், மலசலகூடமும், சரிவைத் தாங்கும் மண்ணணையும் போக எஞ்சுவது என்ன? லயத்தில் வாழ்வோருக்கு அதுவும் இல்லை. வாசலோரம் ஒரு முழ நிலம், அதுவும் தோட்டத்துக்கு உரியது.

இந்த ஒரு முழத்தில் ஐம்பது பைகளை அடுக்கலாம். பழைய உரப்பை, சீமெந்துப் பை, எண்ணெய்த் தகரம், உடைந்த வாளி, தயிர்ச்சட்டி, வாழைமடல் எனக் கழிவென்று ஒதுக்கப்பட்டவை அனைத்தும் நாற்றுக்கு வீடாகும். விதை முளைக்கச் சிறு கிண்ணம் போதும். நாலைந்து இலை விட்ட பின்னர் 6 அங்குலப் பை. காய்க்கும் வரை வளர்க்க விரும்பினால் மிளகாய்க்கும் கத்தரிக்கும் குறைந்தது ஒரு வாளி மண் வேண்டும். சிறு விதையைப் பெரிய பாத்திரத்தில் இட்டால் வேர் எட்டாத மண் ஈரத்தில் புளித்துப்போகும். வளர்ந்த செடியைச் சிறு பையில் வைத்திருந்தால் வேர் சுருண்டு செடி குறளும். எந்தப் பாத்திரமாயினும் அடியில் துளை இருத்தல் கட்டாயம். துளையற்ற பாத்திரத்தில் நாற்று வளர்ப்பது அதனைக் குளத்தில் போடுவதற்கு ஒப்பாகும்.

துளையைப் பற்றி வலியுறுத்துவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளாகினர். 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றிலிருந்து வீட்டு முற்றத்தில் பாத்திரம் வைத்திருப்பவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் நிலைமை உருவானது. நீர் தேங்கும் தட்டும் தகரமும் நுளம்பின் நாற்றுமேடை என்பது உண்மையே. பைகளின் கீழ்த் தட்டு வைப்பதைத் தவிர்த்து, கல்லின் மீதோ மூங்கில் தட்டியின் மீதோ அடுக்கினால் நீரும் தேங்காது, வேருக்குக் காற்றும் கிட்டும். மாத்தளை நகரிலும், உக்குவளை, அக்குறணை போன்ற நெருக்கமான குடியிருப்புகளிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். மொட்டைமாடியிலும் பலகணியிலும் பத்துப் பை வைக்க இடமில்லாத வீடு எதுவும் இருக்காது.

நீர் என்னும் அளவுகோல்

புதிதாக நாற்று வளர்ப்போரிடம் நாற்று ஏன் இறந்தது என்று கேட்டால் தண்ணீர் போதவில்லை என்பர். உண்மையில் பெரும்பாலான நாற்றுகள் தாகத்தால் இறப்பதில்லை. நீரில் மூச்சுத் திணறி இறக்கின்றன. மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றை வேர் சுவாசிக்கின்றது. அந்த இடைவெளி முழுதும் நீரால் நிரம்பினால் வேர் அழுகும், பூஞ்சணம் பெருகும். மேல்மண் உலர்ந்திருப்பதைக் கண்டவுடன் நீரூற்றுவது தவறு. விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டு, அங்கும் ஈரமில்லையாயின் மாத்திரமே ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அடித்துளையால் நீர் கசியும் வரை ஊற்றி நிறுத்திவிட வேண்டும். அன்பு மிகுதியால் நாளுக்கு நான்கு தடவை தெளிப்பது நாற்றுக்குச் செய்யும் உபகாரமன்று.

காலையில் நீரிடுவதே உசிதம். மாலையில் இட்டால் இலையும் தண்டும் இரவு முழுதும் ஈரமாக இருந்து நோய்க்கு வழிவிடும். வாளியால் நேரே ஊற்றினால் விதை புரண்டு மண் இறுகும், பூவாளியே ஏற்றது. பூவாளி இல்லாதவர்கள் பிளாஸ்திக் போத்தலின் மூடியில் ஊசியால் பத்துத் துளையிட்டால் போதும். முளைக்கும் வரை வைக்கோல் மூடாக்கு வேண்டும். முளை தலைகாட்டிய அன்றே அதை அகற்ற வேண்டும், இல்லையேல் நாற்று ஒளிதேடி நீண்டு மெலியும். நடுவதற்கு ஒரு வாரம் இருக்கையில் நிழலையும் நீரையும் படிப்படியாகக் குறைத்து நாற்றை வெயிலுக்குப் பழக்குதல் வேண்டும். வடகீழ்ப் பருவமழை கொட்டும் பல்லேகம போன்ற பகுதிகளில் நாற்றுக்கு நீர் ஊற்றுவதைக் காட்டிலும் மழையிலிருந்து நாற்றைக் காப்பதே பெரும்பணி. வளைத்த மூங்கிலின் மீது ஒளிபுகும் பொலித்தீன் விரித்தால் அதுவே பந்தல்.

நீர்த்தேக்கத்தின் கரையில் வாழ்வதும், நாற்றுக்குரிய நீரைக் கையில் பெறுவதும் ஒன்றல்ல. மே முதல் செப்டெம்பர் வரையிலான வறட்சியில் பெரிய நீர்த்தேக்கத்தின் அருகிலேயே குடம் சுமக்கும் பெண்கள் இந்நாட்டில் அநேகர். இங்கு ஒரு சிறு கணக்கு உதவும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் கிட்டும். 20 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 500 லீற்றர். ஐம்பது நாற்றுப் பைகளுக்கு நாளொன்றுக்குப் பைக்கு ஒரு குவளையாக 10 லீற்றர் எனக் கொண்டால், ஒரேயொரு மழையின் நீர் ஐம்பது நாட்களுக்குப் போதும். தேவைப்படுவது ஒரு பீலியும், நுளம்பு புகாதவாறு வலையிட்டு மூடிய ஒரு தாங்கியும் மாத்திரமே. பல கோடி செலவில் அணைகட்டத் தெரிந்த நாட்டுக்கு, இதனை வீட்டுக்கு வீடு அமைத்துக் கொடுப்பது கடினமாக இருக்க முடியாது.

மாத்தளையின் செல்வம் மிளகு

மாத்தளையின் பெயர் உலகில் அறியப்படுவது வாசனைத் திரவியங்களால். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் பிரதான ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே அமைந்துள்ளது. மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ ஆகியன சிங்கள, தமிழ், முஸ்லிம் மக்களை ஒரே சந்தையில் இணைக்கும் பயிர்கள். சிங்கள விவசாயியின் தோட்டத்தில் விளைந்து, தமிழ்த் தொழிலாளியின் கையால் பறிக்கப்பட்டு, முஸ்லிம் வர்த்தகரின் தராசில் ஏறும் மிளகை எந்த இனத்துக்குரியது என்று கூறுவது?

அந்த மிளகின் எதிர்காலமும் ஒரு பையிலேயே தொடங்குகின்றது. நல்ல தாய்க்கொடியிலிருந்து ஓர் இலையுடன் கூடிய ஒற்றைக் கணுத் துண்டு வெட்டி, கலவை நிரப்பிய பையில் ஊன்றி, பொலித்தீனால் மூடி ஈரப்பதனைக் காத்து, வேர்விட்ட பின் படிப்படியாகத் திறந்து, நிழலில் சில மாதங்கள் வளர்த்து, கிளிரிசீடியா மரத்தடியில் நட வேண்டும். அதன் பின்னர் பயன்காண ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செல்லும். நோயுள்ள கொடியிலிருந்து வெட்டிய துண்டாயின், இலை மஞ்சள் தேமல் கண்டு அந்த மூன்று ஆண்டுகளும் வீண். நீர் வடியாத மண்ணில் வேரழுகல் வந்து ஒரே மழையில் கொடி கருகும். ஆகவே மிளகு நாற்றை வாங்குபவர் விலையை மட்டும் பார்க்காமல், தாய்க்கொடி எது, கலவை எது என்றும் கேட்க வேண்டும். பதில் கூற விற்பவர் கடமைப்பட்டவராதல் வேண்டும். இலங்கை மிளகின் பெரும்பகுதி இந்தியாவுக்கே செல்கின்றது. அங்கு இறக்குமதி விதி மாறும்போதெல்லாம் இங்கு விலை ஆடுகின்றது. விலையை நாம் தீர்மானிக்க முடியாதபோது, விளைச்சலின் தரத்தையாவது நாம் தீர்மானிக்க வேண்டாமா?

செய்ய வேண்டியவை

இந்த விடயத்தில் அரசாங்கத்திடம் நாம் எதிர்பார்ப்பவை பெரும் செலவு வேண்டுபவை அல்ல. முதலாவதாக, ஒவ்வொரு கமநல சேவை நிலையத்தின் வளவிலும் ஒரு நாற்றுமேடை இயங்க வேண்டும். அனர்த்த நிவாரணத்திலும் மீள்குடியேற்றத் திட்டங்களிலும் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு கூட்டெரு, இவ்வளவு நாற்று என்பது எழுத்தில் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, ஏற்றுமதியாகும் தும்புத்தூளில் ஒரு பங்கு சலுகை விலையில் உள்நாட்டு நாற்றுமேடைகளுக்குக் கிடைக்க வழிசெய்ய வேண்டும். மூன்றாவதாக, தனியார் நாற்றுமேடைகளுக்குப் பதிவும் தரச்சான்றும் கண்டிப்பாக்கப்பட வேண்டும். நான்காவதாக, விவசாய ஆலோசனை தமிழிலும் சென்றடைய வேண்டும். தோட்டப்புறத்தில் வாழ்பவர் விவசாயி அல்லர், தொழிலாளி என்ற பழைய பாகுபாட்டினால் விவசாய விரிவாக்க உத்தியோகத்தரின் காலடி லயத்து வாசலில் படுவது அரிது. அந்த நிலை மாறாமல் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஐந்தாவதாக, காணி. பையில் வளரும் செடி காணியுரிமைக்கு ஈடாகாது. நாற்றின் இயல்பே ஒரு நாள் பையிலிருந்து நிலத்துக்குச் செல்வதுதான். என்றென்றும் பையிலேயே இருக்குமாறு ஒரு நாற்றைப் பணித்தால் அது வளராது. மனிதர்களுக்கும் அதுவே நியதி. ஆகவே பைத்தோட்டத்தைக் காட்டிக் காணிக் கோரிக்கையைத் தள்ளிப்போட எவரும் முனைதல் ஆகாது.

சமூகத்தின் கடமையும் குறைந்ததன்று. ஆலயங்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தம் வளவில் ஒரு மூலையை நாற்றுக்கென ஒதுக்கலாம். மரம் நடுதலை அறமாகக் கொள்ளும் மரபு இரு சமூகங்களுக்கும் உண்டு. விரைவில் பணம் வரும் என்று காட்டுக் கஞ்சாவின் பக்கம் இழுக்கப்படும் இளைஞனிடம், அது குற்றம் என்று கூறுவது மட்டும் போதாது. இது தொழில் என்று காட்டவும் வேண்டும். தரமான ஆயிரம் மிளகு நாற்றுகளை வளர்த்து விற்கத் தெரிந்த இளைஞன் எவருக்கும் அஞ்சாமல் பகல் வெளிச்சத்தில் உழைத்து வாழலாம்.

64 ஏக்கரில் ஏழு முதலீட்டாளர்களின் நாற்றுகள் வளர்வதா, இல்லையா என்பதைக் காலம் தீர்மானிக்கட்டும். அவை வேலிக்குள் வளரும். இலாபம் எங்கு செல்லும் என்பது பின்னர் தெரியவரும். ஆனால் பல்லேகமவிலும், கம்மடுவையிலும், உக்குவளையிலும் வாசலோரம் அடுக்கப்பட்ட ஐம்பது பைகளின் பயன் எங்கு செல்லும் என்பதில் ஐயமில்லை. அது அந்த வீட்டு அடுப்புக்கே செல்லும். வேலிக்குள் வளரும் நாற்றுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு சிறு பங்கையாவது அந்த வாசலுக்கும் காட்டுமாறு அதிகாரத்தில் உள்ளோரைக் கேட்டுக்கொள்கின்றோம்.